வரைபலகையும் துவிபாஷியும்

எழுதுகோலை விலைகொடுத்து வாங்கியவன் அதனால் எழுதலாம் என்பது நெடுங்கால வழக்கு. ஓலைக்கும் எழுத்தாணிக்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் நின்றதில்லை. கடதாசிக்கும் பேனாவுக்கும் இடையேயும் அப்படியே. பேனா செய்த கம்பனி முறிந்துபோனாலும் பேனா எழுதும். மையைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். இக்காலத்திலே புதியதோர் எழுதுகோல் வந்திருக்கின்றது. கோல் உடையவில்லை, பலகை வெடிக்கவில்லை, கம்பி அறவில்லை. ஆயினும் ஒருநாட் காலையில் அஃது எழுதாதொழிகின்றது. காரணம் யாதென்று வினாவினால், 'ட்றைவர் இல்லை' என்பது விடை.

கணினியில் வரைதற்கும் எழுதுதற்கும் உரிய பலகையைச் சொல்கின்றேன். மாணாக்கர் 'ரப்லெற்' என்பர். கையில் ஏந்தும் தொடுதிரைக் கணினிக்கும் அப்பெயரே வழங்குதலின் மயக்கம் நேரும். ஆதலால் ஈண்டு வரைபலகை என்றே வழங்குவேன். இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதனுக்கு இதனோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்ததுண்டு. உறவு மிக நெருங்கியது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கீழ்வகுப்புப் பிள்ளைக்கு அகரத்தின் சுழியை எங்கே தொடங்குவது, ணகரத்தையும் னகரத்தையும் எப்படி வேறுபடுத்துவது, ழகரத்தின் காலை எவ்வளவு இறக்குவது என்பவற்றை வாயினாற் சொல்லிக் கற்பிக்க முடியாமற் போயிற்று. எழுத்து, அச்சிட்ட வடிவாக மட்டும் பிள்ளையின் கண்ணிற் பட்டாற் போதாது. அது பிறக்கும் முறை தெரியவேண்டும். ஆசிரியரின் கை போகும் போக்கிலே பிள்ளையின் கண் போகவேண்டும். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஞகரம் எழுதிப் பார்த்தவர்களுக்கு யான் இதற்குமேல் விளக்கம் சொல்லவேண்டுவதில்லை. அந்நாளிலே ஆசிரியர் பலருக்கு வரைபலகை கரும்பலகையாக உதவிற்று.

அதன் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் தகும். இயல்பு தெரியாமல் நியாயம் பேசுதல் ஆகாது. இவ்வகைக் கருவிகளுக்கு முன்னோடியாகச் சொல்லத்தக்கது அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தார் 1964-ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த பலகை. பத்தங்குலச் சதுரம், அங்குலத்துக்கு நூறு கோடுகள், ஆகவே பத்து லட்சம் புள்ளிகளைத் தனித்தனியே பிரித்தறிய வல்லதாயிருந்தது. விலை 18,000 டொலர். எனவே பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் தொடர்பு இருந்திருக்க முடியாது. இன்று மிகுதியாய் வழங்கும் வகையை வளர்த்தெடுத்தவர்கள், 1983-இல் ஜப்பானிலே தொடங்கப்பட்ட வாக்கொம் கம்பனியார். அவர்களுடைய கோலுக்குள்ளே மின்கலம் இல்லை. பலகையின் அடியில் மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பரப்பப்பட்டுள்ளன. அவை ஒரு கணம் மின்காந்த அலையை எழுப்பும். மறுகணம் வாளாவிருந்து செவிகொடுக்கும். கோலினுள்ளே இருக்கும் சிறிய சுருளும் கொள்ளளவியும் அவ்வலையை ஏற்று அதிர்ந்து மறுமொழி சொல்லும். எந்தக் கம்பிக்கு மறுமொழி வலிதாய்க் கேட்டதோ அவ்விடத்தே கோலின் நுனி உளது. கோலை அழுத்தினால் மறுமொழியின் சுருதி சற்றே திரியும். அத்திரிபைக் கொண்டு அழுத்தம் அளக்கப்படும். வீணை மீட்டுவோர்க்கு இது விளங்காதிராது.

இவ்வளவும் முடிந்தபின் பலகை கணினிக்குச் சொல்வது என்ன? எண்கள். குறுக்கே இத்தனை, நெடுக்கே இத்தனை, அழுத்தம் இத்தனை, சாய்வு இத்தனை, பொத்தான் அமுங்கிற்று, அமுங்கவில்லை. நொடிக்கு இருநூறு தடவையளவில் இந்தச் செய்தி கம்பி வழியே ஓடிக்கொண்டிருக்கும். எந்த எண் முன், எந்த எண் பின், எத்தனை இலக்கம் என்பது பலகை செய்தவன் வகுத்த வரிசை. அவ்வரிசை தெரியாதவனுக்கு அஃது இரைச்சல். தெரிந்து, கணினிக்கு விளங்கும் வகையிலே மாற்றிக் கொடுப்பதே ட்றைவரின் தொழில்.

'ட்றைவர்' என்பதற்கு 'இயக்கி' என்று மொழிபெயர்த்தார்கள். சொல் நிலைபெற்றுவிட்டது, அதனோடு வழக்கிட யான் வரவில்லை. ஆயினும் பொருளை நோக்குமிடத்து அச்சொல் மயங்கவைக்கின்றது. அஃது எதனையும் இயக்குவதன்று. எம்நாட்டிலே வாகனம் ஓட்டுபவரைச் சாரதி என்போம் அல்லவா? மாணவன் ஒருவன் தன் கட்டுரையிலே 'வரைபலகைச் சாரதி' என்று எழுதிக் கொணர்ந்தான். தேரும் குதிரையும் எங்கே என்று கேட்டேன். துவிபாஷி என்பதே பொருத்தமான பெயர். ஆங்கிலேயர் ஆட்சியிலே நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பு முதலியார் ஒருவர் நிற்பார். சாட்சி தமிழிற் சொல்லுவான். நீதிபதி ஆங்கிலத்திற் கேட்பார். சாட்சி சொன்னது வழக்கேட்டில் ஏறுவதில்லை; முதலியார் சொன்னதே ஏறும். முதலியார் வரவில்லையென்றால், கண்ணாரக் கண்ட சாட்சியும் ஊமையே. பலகைக்கும் மென்பொருளுக்கும் இடையே ட்றைவர் நிற்கும் நிலை இதுவேயாம்.

இனி யான் சொல்லவந்ததைச் சொல்கின்றேன். பலகையை விற்பவன் அதன் பாஷையையும் சேர்த்து விற்றல் வேண்டும். பாஷையை மறைத்து வைத்துக்கொண்டு பலகையை மாத்திரம் கொடுப்பவன் பாதிப் பண்டத்துக்கு முழு விலை வாங்குகின்றான்.

பொதுப்பாஷை ஒன்று இல்லாமலா இப்படி நடக்கின்றது என்று கேட்கலாம். உண்டு. யூஎஸ்பி இணைப்பின் வழியாக மனிதர் கையாளும் கருவிகள் கணினியோடு எவ்வாறு பேசவேண்டும் என்பதற்கு 1990-களிலேயே பொது இலக்கணம் வகுக்கப்பட்டது. மவுஸும் விசைப்பலகையும் எந்தக் கணினியிற் செருகினாலும் உடனே வேலை செய்வது அவ்விலக்கணத்தினாலேயே. அதில் எழுதுகோலுக்கும் பலகைக்கும் உரிய பகுதியொன்றும் இருக்கின்றது: நுனியழுத்தம், சாய்வு, கோல் பலகைக்கு அருகே வந்ததா என்பது வரையில் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. ஒரு கருவி, செருகப்பட்டவுடன், 'யான் இன்னது. என் செய்தியிலே எண்கள் இந்த வரிசையில் வரும்' என்று தன்னைப்பற்றித் தானே பாயிரம் கூறவேண்டும் என்பது விதி. விதிப்படி பாயிரம் கூறினால் தனித் துவிபாஷிக்கு வேலை மிகக் குறையும்.

விதியைப் பலர் கைக்கொள்வதில்லை. மலிவான பலகைகள் பல, செருகியவுடனே தம்மை மவுஸ் என்று பொய் சொல்லிக்கொள்ளும். குறிப்புச்சொல் ஒன்றைக் கேட்டபின்னரே முழு உருவத்தைக் காட்டும். சீனாவிற் செய்யப்படும் யூசீ-லொஜிக், ஹுயியொன் குடும்பத்துப் பலகைகளிற் பலவற்றுக்கு அக்குறிப்பு எவ்வளவு விநோதமானது என்று பாருங்கள்: பலகையினுள்ளே சேமித்து வைக்கப்பட்ட சொற்றொடர்களுள் 200-ஆவது தொடரை வாசித்துக் காட்டு என்று கேட்கவேண்டும், பழையனவற்றில் 100-ஆவது. கேட்டவுடன் பலகை உறக்கம் தெளிந்ததுபோல அழுத்தத்தையும் நுண்ணளவையும் சொல்லத் தொடங்கும். அதுவுமன்றி, கருவியை அடையாளங் காட்டும் எண், மாதிரிக்கு மாதிரி வேறாயிருக்க வேண்டியிருக்க, வெவ்வேறு மாதிரிகள் பல ஒரே எண்ணைச் சூடிக்கொண்டு வருகின்றன. ஒரே வீட்டிற் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் கந்தன் என்றே பெயரிட்டு, இடாப்பிலும் அப்படியே பதிந்தால் வகுப்பாசிரியர் படும் பாட்டை ட்றைவர் எழுதுவோர் படுகின்றனர்.

இந்த இரகசியங்கள் எனக்கு எப்படித் தெரிந்தன? விற்றவர் சொல்லவில்லை. விற்றவருடைய ட்றைவர் பலகையோடு பேசும்போது, கம்பியில் ஓடிய செய்திகளை ஒட்டுக்கேட்டுப் பதிந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இன்ன எண் இன்ன பொருட்டு என்று துணிந்தவர்கள் சொன்னார்கள். டிஜிமெண்ட் என்னும் பெயரோடு நடந்த முயற்சி இத்தகையது. பலகை வைத்திருப்போர் பல நாடுகளிலிருந்து தத்தம் பலகையின் குறிப்புக்களை அனுப்ப, அவை ஆராயப்பட்டன. விளைந்தவை படிப்படியாக லினக்ஸின் கேர்ணல் எனப்படும் கருவிலே சேர்க்கப்பட்டன. இதனைக் கேட்டபோது எனக்கு எம் நாட்டுச் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் நினைவு வந்தது. சிதைந்த ஏடுகளைப் பல இடங்களிலிருந்து வருவித்து, பாடங்களை ஒப்புநோக்கி, 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தவர் அவர். ஏடு வைத்திருந்தோர் எல்லாரும் அதனை மனமுவந்து காட்டினவர் அல்லர் என்பது பதிப்பு வரலாறு அறிந்தோர்க்குத் தெரியும். வேறுபாடும் ஒன்றுண்டு. அங்கே சிதைத்தது செல்லும் காலமும். இங்கே மறைப்பது விற்பவன். அதுவும் விலை வாங்கியபின்.

வாக்கொம் கம்பனியாரை இவ்விடத்திலே தனியே எடுத்துச் சொல்லல் வேண்டும். அவர்களுடைய பலகைகளுக்கான லினக்ஸ் ட்றைவரை வளர்ப்பதிலே அவர்களுடைய பொறியியலாளரே பங்குகொள்கின்றனர். அதனால் அவர்கள் வாணிகம் கெட்டுப்போகவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் விற்ற கிராஃபையர் பலகையைக்கூட லினக்ஸின் கரு இன்றும் அறியும். வேறு கணினிகளில் அதே பலகைக்கு என்ன நேர்ந்தது? அப்பிள் கம்பனியார் 2019-இல் வெளியிட்ட கற்றலினா என்னும் இயங்குதளத்திலே பழைய ட்றைவர்கள் பல தடுமாறின. பம்பு, கிராஃபையர் முதலிய பழைய பலகைகளுக்கு வாக்கொம் புதிய ட்றைவர் கொடுக்கவில்லை. ஊதியமின்றி உழைத்த தனியொருவர் அப்பழைய ட்றைவரின் பழுதைத் திருத்தி 2020-இல் எவர்க்கும் கொடுத்தார். ஒரே கம்பனி, ஒரே பலகை. பாஷை வெளிப்பட்டிருந்த இடத்தில் அது வாழ்ந்தது. மூடியிருந்த இடத்தில் அந்நியர் ஒருவரின் கருணையால் உயிர்பிழைத்தது.

அவ்வாண்டு பெப்ரவரியில் வேறொரு செய்தியும் வெளியாயிற்று. துவிபாஷி மொழிபெயர்ப்பதோடு நில்லாமற் கோளும் சொன்னால் என்னாவது? மென்பொருளாளர் ஒருவர் தம் மக் கணினியிலிருந்த வாக்கொம் ட்றைவரை ஆராய்ந்து பார்த்தார். தாம் திறக்கும் மென்பொருள் ஒவ்வொன்றின் பெயரையும் அது கூகிளின் கணக்கெடுப்புச் சேவைக்கு அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டு வெளியிட்டார். கம்பனியார், சேர்த்த விபரங்கள் ஆளை அடையாளங் காட்டாதவை என்றும், வேண்டாதவர் அதனை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் விடையிறுத்தனர். விடை உண்மையாகவே இருக்கட்டும். எழுதுகோல் ஒன்று, அதனை வைத்திருப்பவன் வேறு என்னென்ன புத்தகம் திறந்தான் என்று எண்ணிக்கொண்டிருப்பதற்கு நியாயம் யாது? எமது பேனாவுக்கு அவ்வழக்கம் இல்லை.

எல்லாத் துன்பத்தையும் விற்பவன் தலையிற் சுமத்துதல் முறையன்று. விண்டோஸ் கணினியிலே துவிபாஷி இருந்தும் பேச்சு விளங்காதிருப்பதுண்டு. அங்கே இரண்டு வழக்குகள் உள்ளன. ஒன்று 1990-களின் தொடக்கத்திலே தோன்றிய வின்ராப்; மற்றது மைக்றோசொவ்ற் பின்னாளிலே தானே வகுத்து, இப்போது விண்டோஸ் இங்க் என்று வழங்குவது. ட்றைவர் ஒரு வழக்கிலே பேச, மென்பொருள் மற்றை வழக்கிலே செவிகொடுத்தால், கோடு விழும், அழுத்தம் விழாது. மெல்ல இழுத்தாலும் வலிய இழுத்தாலும் ஒரே தடிப்பு. கிரிற்றா என்னும் இலவச மென்பொருளிலே இவ்விரண்டில் எதனைக் கேட்பது என்று தெரிவு செய்ய இடம் வைத்திருக்கின்றார்கள். மாற்றிவிட்டு மூடித் திறந்தாற் பெரும்பாலும் தீரும். போட்டோஷொப்பிலோ சிறிய கோப்பொன்றை எழுதி உரிய இடத்தில் வைக்கவேண்டியிருக்கின்றது. இன்னொரு தொல்லை: வேறு வேறு கம்பனிகளின் ட்றைவர்கள் வின்ராப்புக்குரிய கோப்பை ஒரே பெயரோடு ஒரே இடத்தில் வைக்க முயல்வன. பின்வந்தது முன்வந்ததை அழிக்கும். புதிய பலகை வாங்கி அதன் ட்றைவரை இடுமுன் பழையதை முற்றாக நீக்குக என்று சொல்வது இதனாலேதான். ஓர் உறையில் இரு வாள் அடங்கா.

எழுத்துக் கற்பிப்போர் அறிந்திருக்கவேண்டிய கணக்கொன்றும் உளது. பலகையின் அகலம் உயரத்துக்கு 16-க்கு 10 என்ற விகிதத்திலும், திரை 16-க்கு 9 என்ற விகிதத்திலும் இருந்து, பலகை முழுவதும் திரை முழுவதுக்கும் பொருத்தப்பட்டால், வட்டமாய் இட்ட சுழி ஒன்பதில் ஒரு பங்கு அகன்று தோன்றும். இரண்டு திரைகளை அருகருகே வைத்து, பலகையை இரண்டுக்கும் சேர்த்துப் பொருத்திவிட்டாலோ, அகலம் இரு மடங்குக்கும் மேலாகும், சுழி முட்டையாகும். கை வட்டமாகச் செல்ல, கண் முட்டையைக் காண, ஆசிரியர் தம்மையறியாமற் கையைத் திருத்தப் புகுந்து எழுத்தையே கெடுத்துக்கொள்வார். 'எனக்கு இந்தப் பலகை கைவராது' என்று பலர் கைவிட்டது இதனால் இருக்கலாமென்று ஐயுறுகின்றேன். ட்றைவரின் அமைப்புப் பகுதியிலே விகிதத்தைக் காக்குமாறு ஒரு குறியிட்டாற் போதும். பலகையின் ஓரத்தில் ஒரு துண்டு வீணாகும், எழுத்துப் பிழைக்கும்.

எங்கள் கல்லூரியில் நிகழ்ந்ததை இவ்விடத்திற் சுருங்கச் சொல்லலாம். கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் பழைய வரைபலகைகள் நான்கை அனுப்பிவைத்தனர். கம்பனியின் பெயர் வேண்டாம். பழைய கணினிகளில் அவை நன்றாக எழுதின. கணினிகளை மாற்றியபோது, புதிய ட்றைவரின் பட்டியலிலே அந்த மாதிரியைக் காணவில்லை. எழுதிக் கேட்டோம். அம்மாதிரி நிறுத்தப்பட்டுவிட்டது, புதியதை வாங்குக என்று மிகப் பண்பாக விடை வந்தது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, 'ஐயா, லினக்ஸிலே ஒருக்காப் பார்ப்பமோ?' என்றாள். யூஎஸ்பிக் குச்சியிலிருந்தே லினக்ஸை ஏற்றி, பலகையைச் செருகினாள். எதனையும் நிறுவவில்லை. கோலை எடுத்து முதலெழுத்தை எழுதினாள். அழுத்திய இடத்திலே தடித்தும் விட்ட இடத்திலே மெலிந்தும் அகரம் விழுந்தது. ஓரத்துப் பொத்தான்கள் மாத்திரம் வேலை செய்யவில்லை. அவற்றை யாரும் தேடவும் இல்லை. ஆக, இறந்துபோயிற்று என்று சொல்லப்பட்ட பலகை இறக்கவில்லை. அதன் துவிபாஷிக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டிருந்தது, அவ்வளவே.

லினக்ஸ் சுவர்க்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சந்தைக்கு வந்த புதிய பலகையை அது அறிவதற்கு மாதங்கள் செல்லலாம். நிறுவியிருக்கும் பதிப்புப் பழையதாயின் இன்னும் தாமதமாகும். திரையை ஆளும் பழைய முறையாகிய எக்ஸ் என்பதிலிருந்து வேலண்ட் என்னும் புதிய முறைக்குச் செல்லும் காலம் இது. பழைய முறையிலே பலகையைச் சீர்செய்ய உதவிய கட்டளைகள் புதியதிற் செல்லா. சில கம்பனிகள் லினக்ஸுக்கும் தாமே ட்றைவர் தருகின்றன. தந்தாலும் அதன் உட்பொருளை மூடியே தருகின்றன. மூடிய பெட்டி எந்த வீட்டில் இருந்தாலும் மூடிய பெட்டிதானே. இவற்றுக்கிடையே ஓப்பின் ரப்லெற் டிரைவர் என்னும் திறந்த ட்றைவரொன்று, விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் செல்லுமாறு ஆர்வலர்களால் எழுதப்பட்டு வருகின்றது. கணினி விளையாட்டில் ஈடுபட்ட இளைஞர்கள், கோலின் அசைவு சிறிதும் தாமதியாமல் திரைக்குச் செல்லவேண்டுமென்று விரும்பி, அதனை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். விளையாட்டுப் பிள்ளைகள் செய்த வேளாண்மை எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது, மகிழ்ச்சியே. திறந்த கருவிகளால் எழுதிப் பழகலாமே தவிரப் பெருந்தொழில் செய்தல் கூடாது என்பாரும் உளர். அவர்கள், பிரான்சு நாட்டுச் சித்திரக்காரர் டேவிட் ரெவோய் 2014 முதல் திறந்த மென்பொருள்களைக் கொண்டே வரைந்து வெளியிட்டுவரும் 'பெப்பர் அண்ட் கரொட்' சித்திரக்கதையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டென்பர். ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் செலவாகின்றது; போட்டியாளர் பார்த்துச் செய்துவிடுவர்; இயங்குதளம் மாறுந்தோறும் பழைய மாதிரிக்கெல்லாம் ட்றைவர் எழுதிக்கொண்டிருக்க இயலாது என்பன அவர்கள் சொல்லுவன. கடைசியிற் சொன்னதை முற்றாக ஏற்றுக்கொள்கின்றேன். பத்தாண்டுக்கு முன் விற்றதற்கு இன்றும் ஊழியம் செய் என்று யாரையும் கட்டாயப்படுத்தல் ஆகாது. ஊழியம் செய்யாவிடின் விலகி வழிவிடலாமே! கோலினுள்ளே சுருள் எப்படிச் சுற்றப்பட்டது, அழுத்தம் எவ்வாறு நுணுகி அளக்கப்படுகின்றது என்னும் தொழிலிரகசியங்களை யாரும் கேட்கவில்லை. பலகை வாயினாற் சொல்லும் எண்களின் வரிசையைத்தான் கேட்கின்றோம். இரண்டு பக்கக் கடதாசியில் அடங்கும். பெட்டியினுள்ளே பல பாஷையில் அச்சிட்டு வைக்கும் எச்சரிக்கைத் தாளின் பின்புறத்திலே இடம் இருக்கின்றது. போட்டியாளரோ எனின், அவர் கம்பியிலே காதை வைத்து ஒரு கிழமையில் அதனை அறிந்துகொள்ளுவார். அறியமுடியாமல் நிற்பவன் விலைகொடுத்து வாங்கியவன் ஒருவனே.

அதனை விட்டு, அவர்கள் பெட்டியின்மேலே பெரிதாக அச்சிடுவது அழுத்தப் படிகளின் தொகையை. 2009-இல் வந்த இன்ரியூஓஸ் 4 என்னும் பலகையில் 2048 படி. 2017-இல் வந்த இன்ரியூஓஸ் புரோவில் 8192. இப்போது 16384 என்று விளம்பரம் செய்வாரும் உளர். தமிழ் எழுத்தை எழுதும் ஆசிரியருக்கு இவற்றிடையே உள்ள வேறுபாடு புலப்படுமா? யான் கண்டவரையிற் புலப்படவில்லை. மெல்ல அழுத்தும்போது கோல் உடனே உணர்கின்றதா என்பதே கைக்குத் தெரிவது. அதனை எந்தப் பெட்டியிலும் அச்சிடக் காணேன்.

இப்பேச்சை இந்நாளில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. மைக்றோசொவ்ற் கம்பனியார் விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவை 2025 ஒக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டனர். விண்டோஸ் 11-ஐ ஏற்கமாட்டாத கணினிகளைக் கழிப்பதா, லினக்ஸை நிறுவி வைத்துக்கொள்வதா என்னும் வினா அதனோடு வந்துவிட்டது. கணினியை மாற்றுவது பற்றியே பேசுகின்றார்கள். அதனோடு இணைந்து நிற்கும் வரைபலகை, அச்சுப்பொறி, ஒளிவருடி முதலியவற்றின் துவிபாஷிகள் என்ன ஆவார்கள் என்று கேட்பாரைக் காணவில்லை. நன்கொடை அனுப்பும் அன்பர்களும் புதியது, அதிகப் படி, பெரிய பலகை என்பவற்றையே நோக்குகின்றனர். அவர்களுடைய அன்பு பெரிது. அவ்வன்பு ஐந்தாம் ஆண்டிலே அலுமாரிக்குட் போய் முடங்காதிருக்க வேண்டுமாயின், வாங்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று உளது.

லினக்ஸ் ஏற்றிய யூஎஸ்பிக் குச்சியொன்றைக் கடைக்குக் கொண்டுசெல்க. காட்சிக்கு வைத்திருக்கும் கணினியை அதிலிருந்து தொடங்கிக் காட்டும்படி கேட்க. பலகையைச் செருகுக. கடைக்காரர் தரும் ட்றைவரை இடவேண்டாம். கிரிற்றாவைத் திறந்து, தூரிகையை எடுத்து, மெல்லத் தொடங்கி வலிய முடியுமாறு ஒரு ழகரம் எழுதுக. கோடு மெலிந்து தொடங்கித் தடித்து முடிந்தால் விலையைக் கேட்கலாம். ஒரே தடிப்பாய் விழுந்தால், அல்லது அம்புக்குறி மாத்திரம் மவுஸ்போல அலைந்தால், பலகையைப் பெட்டியில் இட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதிரியை எடுத்துத் தரச் சொல்லுக. கடைக்காரர் முகஞ் சுளிப்பார். சுளிக்கட்டும், நாலு பள்ளிக்கூடத்தார் இப்படிக் கேட்டுவிட்டுத் திரும்பினால் அச்செய்தி இறக்குமதி செய்பவருக்குப் போகும்.